இறங்கித் தள்ளிய சைக்கிள்

கடந்த மாதம் மதுரைப் பக்கமிருந்து ஒருவர் எங்கள் காலனிக்கு வந்தார். பழைய சைக்கிள்களைத் தேடி ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்ப்பவர். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பாவின் ராலே சைக்கிள் நிற்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செயின் வீலில் வெட்டியிருக்கும் கொக்குத் தலைகளைத் துணியால் துடைத்துப் பார்த்துச் சிரித்தார். கம்பி பிரேக், டைனமோ, மணி, தோல் சீட்டு எல்லாம் பழசு மாறாமல் இருக்கிறது, 8 ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றார்.

"அது பொற்காலம் சார். ராலேயில போனா ஊரே திரும்பிப் பார்க்கும்" என்றும் சொன்னார்.

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். உட்காருகிற இடத்தில் சீட்டு தேய்ந்திருப்பது சரி, பின்பக்கம் இடது ஓரத்தில் மட்டும் தோல் ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்றார். அது அப்பாவின் வலது கை பிடித்த இடம். இடது கையால் ஹேண்டில் பாரையும் வலது கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டு, ஏறி ஓட்ட வேண்டிய வண்டியை அவர் 30 வருடம் தள்ளிக்கொண்டு நடந்தார். அதைச் சொன்னதும் வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். விலையைப் பற்றி மறுபடி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எல்லோருக்கும் இருக்கும் நினைவு

பழைய சைக்கிளைப் பற்றி இப்போது நிறையப் பேர் ஆசையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு. இங்கிலாந்திலிருந்து ராலேயும் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் கப்பலில் வந்த காலம் ஒன்று. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரிலேயே வண்டி செய்யத் தொடங்கிய காலம் இன்னொன்று. இரண்டு காலத்து வண்டிகளும் எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் ஓடின.

மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கும். உள்ளாட்சிக்கு வரி கட்டி, அதற்குக் கொடுக்கும் தகட்டு வில்லையைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். கடையில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுக்கலாம். சிறுவர்களுக்கு அரை வண்டி. அது கிடைக்காவிட்டால் பெரிய வண்டியின் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல். ஆயுத பூஜைக்கு முதல் நாள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பால்ரஸ் குண்டுகளை எண்ணி எடுத்துத் துடைத்து, கிரீஸ் வைத்துக் கோப்போம்.

இவ்வளவும் எனக்கும் நடந்தது. ஆனால் வாடகைக் கடையில் "யார் வீட்டுப் பையன்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எனக்கு வண்டி கிடைக்காது. நான் குரங்கு பெடல் பழகியது வறண்ட கண்மாய்க்குள், அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, அவருடைய வண்டியில். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. பக்கத்து ஊரில் இன்னொரு கடைக்காரர் இருந்தார். அவர் எங்கள் சாதிக்காரர் அல்ல. அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வண்டி கொடுப்பார். அந்தக் கடைக்குப் போக நாங்கள் நாலு மைல் நடப்போம்.

அணைந்துபோகும் விளக்கு

அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில் ஒரு தபால்காரரிடமிருந்து பழைய வண்டியாக அதை வாங்கினார். காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரே வழி ஊர்த்தெரு. புளியமரத்தில் தொடங்கிப் பிள்ளையார் கோயிலில் முடியும். மொத்தம் 200 மீட்டர் இருந்தால் அதிகம். புளியமரத்தடியில் இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைக்க வேண்டும். கோயில் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறலாம். எந்தப் பஞ்சாயத்தும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. ஆனால் மீறியவருக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டைனமோ விளக்கைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு பேட்டரி கிடையாது. டயரின் பக்கத்தில் உரசிக்கொண்டு சக்கரம் சுற்றச் சுற்ற மின்சாரம் வரும். வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், மெதுவாகப் போனால் மங்கும். இறங்கித் தள்ளினால் லேசாக மினுக்கும், அவ்வளவுதான். இரவு வேலை முடிந்து அப்பா வரும்போது தார் ரோடு முழுக்க வெளிச்சத்தில் வருவார். ஊர்த்தெருவை மட்டும் இருட்டில் கடப்பார். தள்ளும்போது பிரீவீல் 'டிக் டிக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே, அவர் இறங்கித்தான் வருகிறார் என்று திண்ணையில் படுத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். எட்டிப் பார்க்கவே தேவையில்லை.

அந்த வண்டியின் சீட்டு மாட்டுத்தோல். அந்தக் காலத்துச் சீட்டெல்லாம் தோல்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது வரலாறு. தோலை உரித்ததும், ஊறப்போட்டதும், பதனிட்டதும் பெரும்பாலும் எங்கள் மக்களின் கைகள். சீட்டு கிழிந்தால் தைத்துக் கொடுத்தவரும் அருந்ததியர் தெருக்காரர். தோல் தொழிலாளியைத் தொட்டால் தீட்டு. அவர் தைத்த தோல் மேல் உட்கார்ந்து போனால் கௌரவம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள சம்பந்தம் எங்கள் ஊரோடு நிற்பதில்லை. 1901-ல் சிறுவன் அம்பேத்கர் தந்தையைப் பார்க்க கோரேகான் போனபோது, மஹர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929-ல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கருக்குச் சாலிஸ்கானில் குதிரைவண்டி ஓட்ட வண்டிக்காரர்கள் முன்வரவில்லை. பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, வண்டி பாலத்தில் மோதி அவர் தூக்கியெறியப்பட்டார். இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பெண்கள் இறங்கவில்லை

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். விவசாயக் கூலிகளும் குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள்.

எங்கள் காலனியிலும் அக்கா உட்பட பலர் அப்பாவின் வண்டியில்தான் பழகினார்கள். ஒருநாள் சாயந்தரம் இருபது பெண்கள் வரிசையாக மணியடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் போனார்கள். அதில் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள், காலனிப் பெண்களும் இருந்தார்கள். யாரை இறங்கச் சொல்வது என்று திண்ணையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் அக்கா தனியாக வந்தார். அன்றைக்கும் இறங்கவில்லை. ஒருவர் திட்டினார். அக்கா மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இளவட்டங்கள் யாரும் இறங்கவில்லை. அப்பா மட்டும் கடைசிவரை இறங்கினார். "இன்னும் ஏம்ப்பா?" என்று கேட்டால், "காலு தானா எறங்குதுய்யா" என்பார்.

இன்றைக்கு என்ன?

இதைப் பழங்கதை என்று நினைத்திருந்தேன். போன வாரம் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது பிளஸ்-1 படிக்கும் எங்கள் காலனிப் பெண் பள்ளிவிட்டுப் பையோடு வந்தாள். அரசு கொடுத்த புதுச் சைக்கிள். பிள்ளையார் கோயில் பக்கம் இறங்கி, தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து, புளியமரத்தடியில் ஏறினாள்.

"யாரும் எறங்கச் சொன்னாங்களாம்மா?"

"இல்ல தாத்தா. அப்பாயி சொல்லிருக்கு, அந்தத் தெருவுல எறங்கித்தான் போகணும்னு."

பட்டியலின, பழங்குடி மாணவியர் பிளஸ்-2 வரை படிப்பை நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்று 2001-02-ல் தொடங்கியதுதான் இலவச சைக்கிள் திட்டம். பிறகுதான் அது எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிளிலிருந்தே ஒரு பிள்ளை இறங்கி நடக்கிறாள். அதட்டியவர் யாருமில்லை. பயம் மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது அப்படி. இன்றும் செய்தித்தாளைத் திறந்தால் பயப்படக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது, பார்க்கிற கண் மாறவில்லை.

சட்டத்தில் சைக்கிள்

இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் சைக்கிள் என்ற சொல் எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவர்கள் படிக்க வேண்டும். 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும், திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பது, பிரிவு 3(1)-ன் இறுதியில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும் போலீஸார் எழுதி, படித்துக் காட்டி, நகல் தர வேண்டும். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. 14566 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

சைக்கிள், செருப்பு, புதுத்துணி என்று ஒரு பாராளுமன்றம் உட்கார்ந்து எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? என் அப்பாவைப் போல் லட்சக்கணக்கானவர்கள் இறங்கி நடந்ததால்தான்.

ஆனால் சட்டம் தடுத்தவரைத்தான் பிடிக்கும். யாரும் தடுக்காமலே தானாக இறங்குகிற பிள்ளைக்குச் சட்டத்தால் உதவ முடியாது. அது நம் வேலை.

ஊர் இப்போது அமைதியாக இருக்கிறது, எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை இறங்குவதால் கிடைக்கிற அமைதி யாருக்கு? அவளுக்கு இல்லை.

மூன்று காரியங்கள் செய்யலாம். பள்ளிகளில் சைக்கிள் வழங்கும் நாளில் அந்தச் சட்டப் பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு, எந்தெந்தத் தெருவில் இன்னும் இறங்கி நடக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியர்களிடம் கேட்டுப் பட்டியல் எடுக்கலாம். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய சைக்கிள் கதையைக் கேட்டு எழுதலாம். ஊர்த்தெருப் பிள்ளைகளும் தங்கள் தாத்தாக்களிடம் கேட்கட்டும். திண்ணையில் இருந்தவர்களுக்கும் நினைவு இருக்கும்.

எங்கள் காலனியில் நாங்கள் தொடங்கிவிட்டோம். திங்கட்கிழமை காலை அப்பாவின் ராலேயைத் துடைத்து, டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வெளியே எடுத்தேன். எனக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெண் அவளுடைய சைக்கிளில் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். புளியமரத்தடியில் அவள் கால் தரையைத் தேடியது. "மிதிம்மா" என்றேன். மிதித்தாள். சொல்லப்போனால், என் காலும் அந்த இடத்தில் தரையைத்தான் தேடியது.

தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இது உங்கப்பா வண்டிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.