டோர்ச் வெளிச்சமும் பயிற்சியும்

ஆசிரியருக்கு,

அவுஸ்திரேலியாவின் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பண்பாட்டுக்கு இசைந்த, பழைய காயங்களை உணர்ந்த பராமரிப்பு முதியவரின் உரிமை என்கிறது சட்டம். நல்லது. அதை ஊழியருக்கு யார், எப்படிக் கற்பிக்கிறார்கள்?

என் தாயார் இருக்கும் சிட்னி இல்லத்தில் பயிற்சி என்றால் கணினித் திரையில் சில படங்கள், கடைசியில் சரியான விடைக்கு ஒரு சொடுக்கு. தீபாவளிக்கு வாசலில் விளக்கு வைத்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் 1983 கலவரத்தில் வீடிழந்து, பிறகு சுற்றிவளைப்புகளையும் கண்ட ஒருவருக்கு, நடுச்சாமத்தில் முகத்தில் அடிக்கும் டோர்ச் வெளிச்சம் என்ன செய்யும் என்று எந்தப் படமும் சொல்லித்தரவில்லை. அம்மா அலறினால் ஆக்ரோஷம் என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. மறதி நோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற ஆங்கிலம் பலருக்கு முதலில் போய்விடும். பயத்தை அவர் வேறெப்படிச் சொல்வார்?

ஊழியர்மேல் பழி போட மனம் வரவில்லை. பலர் நேபாளத்திலும் பிலிப்பைன்ஸிலும் கேரளத்திலும் தாய்தகப்பனை விட்டு வந்த பிள்ளைகள். இல்லத்தில் இருக்கும் முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. பயிற்சிக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும்; வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு. சேர்க்கைப் படிவத்தில் மதம் இந்து என்று எழுதியதோடு விடாமல், குளிப்பாட்டப் பெண் ஊழியர் வேண்டுமா, எந்தக் கையால் ஊட்டுவது, இரவில் அறைக்குள் எப்படி வருவது என்று குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

வாசகி, சிட்னி