ஆள் ஏலம்

கதை எழுதுகிறவனுக்குக் கபடியில் என்ன வேலை என்று சில நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். மனிதனுக்கு விலை கூறுகிற இடத்தில் கதை எழுதுகிறவனுக்கு வேலை இல்லையென்றால் வேறு எங்கேதான் வேலை இருக்கிறது என்று நானும் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்.

ராஜபாளையத்துக்காரர்களான எங்களுக்கு ஏலம் ஒன்றும் புதிதல்ல. மலையடிவாரத்து மாந்தோப்பை ஏலம் விடுவோம். கண்மாய் மீனை ஏலம் விடுவோம். கரையில் நிற்கிற புளியமரத்தைக் காய்ப்போடு ஏலம் விடுவோம். இதிலெல்லாம் பாவம் ஒன்றும் இல்லை. விலை போகாத மாங்காய் வீட்டுக்குத் திரும்பி, தாயாரிடம் என்ன சொல்வது என்று தவிப்பதில்லை. குறைந்த விலைக்குப் போன மீன் கூடப் படித்தவர்களின் முகத்தில் விழிக்க வெட்கப்படுவதில்லை.

ஆனால் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15, 16 ஆகிய இரண்டு நாட்களும் மும்பையில் கூவி விற்கப்பட்டவர்கள் மனிதர்கள். புரோ கபடி லீக் போட்டிக்கான வீரர் ஏலம் அது. தேதியைச் சற்றுக் கவனியுங்கள். தேசம் முழுவதும் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அடிமைத்தனம் ஒழிந்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற அதே நாளில், ஒரு மண்டபத்தில் மேஜை மேஜையாகப் பணக்காரர்கள் உட்கார்ந்திருக்க, சுத்தியல் தட்டி மனிதர்களை விற்றார்கள். நாள் குறித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஓர் எண்ணமே தோன்றாத அளவுக்கு மரத்துப் போனோமே என்பதுதான் என் துக்கம்.

இந்த ஏலம் நடக்கிற விதத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 12 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் குறைந்தது 18 பேரையும் அதிகமாகப் போனால் 25 பேரையும் வைத்துக்கொள்ளலாம். பருவம் முடிந்ததும் அணிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய சிலரைத் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுகிறார்கள். விடப்பட்டவர்கள் ஏலத்துக்கு வரவேண்டும். அங்கே அவர்களை 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று தரம் பிரித்து வைத்திருப்பார்கள். 2023-ல் முதல் தரத்துக்கு ஆரம்ப விலை 30 லட்சம், இரண்டாம் தரத்துக்கு 20, மூன்றாம் தரத்துக்கு 13, கடைசித் தரத்துக்கு 9 லட்சம். பருத்திக் கமிஷன் மண்டியிலும் இப்படித்தான் ரகம் பிரிப்பார்கள். 

9 லட்சம் அற்பத் தொகையா என்று கேட்பீர்கள். அல்லவே அல்ல. ஆனால் அந்தத் தொகை யாருக்குக் கிடைக்கிறது? கூட்டிக் கழித்துப் பாருங்கள். 12 அணிகளும் தலைக்கு 25 பேர் என்று முழுமையாக நிரப்பிக்கொண்டால்கூட மொத்தம் 300 பேர். ஏலப் பட்டியலில் பெயர் இருந்தவர்களோ 500 பேருக்கு மேல். அந்த 300 இடங்களிலும் தக்கவைக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, இலை போட்டுக் கூப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைப் பசியோடு திருப்பி அனுப்புகிற விருந்து இது. மறுநாள் பத்திரிகையில் கோடி ரூபாய்க்குப் போனவர்களின் படம் வருகிறது. போகாதவர்களுக்குப் படமும் இல்லை, ஒரு வரிச் செய்தியும் இல்லை.

காத்திருப்பு இன்னொரு கொடுமை. 2022-ஆம் வருஷப் போட்டியின் இறுதி ஆட்டம் டிசம்பர் 17-ந் தேதி முடிந்தது. அடுத்த ஏலத்தை 2023 செப்டம்பர் 8, 9 தேதிகளில் நடத்துவதாக அறிவித்தார்கள். பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியை முன்னிட்டு அதையும் தள்ளிவைத்து, அக்டோபர் 9, 10 தேதிகளில் நடத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்து விடப்பட்ட ஒருவன், தனக்கு அடுத்த வருஷம் பிழைப்பு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-லோ நோயின் காரணமாகப் போட்டியே நடக்கவில்லை. அடுத்த ஏலம் 2021 ஆகஸ்டு கடைசியில்தான். கபடி ஆடுகிறவனின் வயது அதற்காகக் காத்துக்கொண்டு நிற்குமா? முழங்காலும் தோள்பட்டையும் ஒத்துழைக்கிற வருஷங்கள் ஒருவனுக்கு ஏழோ எட்டோதான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் இருக்கும். அந்தச் சாலையோரத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். பொங்கலுக்கும் பூக்குழித் திருவிழாவுக்கும் நடக்கிற கபடிப் போட்டிகளில் அவன் பாடிப் போனால் எதிர்க்களத்தில் ஏழு பேரும் பின்வாங்குவார்கள். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு, காலையில் கண்மாய்க் கரையில் ஓடுகிறவன். ஒரு தேர்வு முகாமில் அவனைப் பார்த்த யாரோ, "தம்பி, பட்டியலில் உன் பெயர் வரும், தயாராக இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவன் ஆலை வேலையை விட்டான். சித்திரையில் நடப்பதாக இருந்த அக்காளின் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிப் போட்டார்கள், தம்பி கையில் பணம் வரும் என்று. கைப்பேசி மணி அடிக்கும்போதெல்லாம் வீடே எழுந்து நின்றது. ஏலம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வேறு யாரிடமோ விசாரித்துத்தான் தன் பெயர் அதில் இல்லை என்பதை அவன் தெரிந்துகொண்டான். அவனிடம் பொய் சொன்னவர் யாரும் இல்லை. அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் யாரும் இல்லை. அதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

"கபடிக்காரனுக்கு லட்சம் என்ற வார்த்தையைக் காட்டியதே இந்த லீக்தான். அதைப் போய்க் குறை சொல்கிறீரே!" என்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 2014-ல் முதல் ஏலத்தில் அதிக விலை பெற்ற ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். 2023-ல் பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல். மண்ணில் புரண்டு ஆடுகிற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வைத்தவர்களுக்கு நமஸ்காரம் செய்யவும் நான் தயார். ஆட்டக்காரனுக்குக் கோடி கொடுப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. இரண்டு கோடி கொடுங்கள், பத்துக் கோடி கொடுங்கள். வேலைக்குச் சம்பளம் பேசுவது ஒரு காரியம். ஆளுக்கே விலை பேசுவது வேறு காரியம். சம்பளம் பேசும்போது அவனும் வாய் திறக்கலாம். ஏலத்தில் அவனைத் தவிர மற்ற எல்லோரும் பேசுகிறார்கள்.

சரி, அந்த விலையாவது யோக்கியதைக்கு அளவுகோலா என்றால், அதுவும் இல்லை. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி அதே பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போயிற்று. அவர் மகா சூரர்; அடிபட்டது அவர் குற்றமும் அல்ல. ஆனால் அப்புறம் என்ன நடந்தது? பெரிய விலை இல்லாத இளம் பிள்ளைகள் அந்த அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முன் கடைசி இடத்தோடு உறவு கொண்டாடிக்கொண்டிருந்த அணி, முதன்முறையாக அரையிறுதி வரை போய், புனே அணியிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. அந்தப் பிள்ளைகளின் தரம் ஏலக்காரரின் சுத்தியலுக்குத் தெரிந்திருந்ததா?

அணியின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தலைவா' என்ற நல்ல சொல்லின் வாலில் ஓர் ஆங்கில 'ஸ்' ஒட்டியிருப்பதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. 2017-ல் அணி தொடங்கியபோது தலைவராக இருந்த அஜய் தாக்கூர் ஹிமாசலப் பிரதேசத்துக்காரர். நம் ஜனங்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். அது நல்ல குணம். வெளியூர்க்காரன் வரக்கூடாது என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. ஆனால் தமிழ் என்ற பெயரைச் சட்டையில் எழுதிக்கொள்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையனிடம் ஒரு கடன் உண்டா, இல்லையா? 2024-ல் போட்டி முழுவதையும் ஹைதராபாத், நொய்டா, புனே ஆகிய மூன்று ஊர்களிலேயே நடத்தி முடித்துவிட்டார்கள். தமிழ்ப் பெயர் கொண்ட அணி தமிழ் மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிக்க எந்த ஊர்க்காரன் வந்தாலும் இடம் உண்டு. ஆனால் தேர் அந்த ஊர் ரத வீதிகளில்தான் ஓடும். தேரையும் வெளியூரில் ஓட்டிவிட்டு, பெயரை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

முன்பெல்லாம் ஆட்டக்காரனை எப்படிச் சேர்த்தார்கள்? ஆலைகள் சேர்த்தன. மின்வாரியம், ரயில்வே, போலீஸ், வங்கிகள் சேர்த்தன. 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அந்த ஏற்பாட்டிலும் சிபாரிசு உண்டு, சாதி உண்டு, மேலதிகாரியின் மச்சான் உண்டு. அதை ராமராஜ்யம் என்று நான் வருணிக்க மாட்டேன். ஆனாலும் ஆட்டத்துக்காக வேலை பெற்றவனுக்கு, கால் முறிந்த பிறகும் முதல் தேதியில் சம்பளம் வந்தது. பட்டியலில் பெயர் உண்டா என்று வருஷா வருஷம் அவன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலையவில்லை.

"உலகம் முழுவதும் இப்படித்தானே!" என்பார்கள். உலகத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் வீரரை, பன்னிரண்டு வருஷம் ஆடிய செயின்ட் லூயிஸ் அணி 1969-ல் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியா அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-ல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. ஆனால் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. 1975-ல் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்தது. பெல்ஜியத்தில் போஸ்மன் என்ற கால்பந்து வீரருக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரது சங்கம் விலை கேட்டு வழிமறித்தது. அவர் ஐந்து வருஷம் போராடி, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுப் பாணிக் கால்பந்து ஆடுகிறவர்கள் 1973-லேயே தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். அங்கே சம்பளத்தைப் பற்றிப் போட்டி நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது அந்தச் சங்கம்தான். உலகத்தைக் காட்டுகிறவர்கள் இந்தப் பாதி உலகத்தையும் சேர்த்துக் காட்டட்டும்.

இன்னொருவர் என்னை மடக்கப் பார்த்தார். "உங்கள் ஊர்த் திருவிழா ஆட்டத்துக்கும் வெளியூர் ஆளைக் காசு கொடுத்து இறக்குகிறீர்களே?" உண்மைதான், இறக்குகிறோம். அவனுக்குப் பஸ் சார்ஜு, ஆட்டுக்கறிச் சாப்பாடு, பேசிய பணம். ஆட்டம் முடிந்த இரவே கணக்குத் தீர்ந்துவிடும். மறுநாள் அவன் யாருக்கு வேண்டுமானாலும் ஆடலாம். பத்து மாதம் அவனைப் பட்டியலில் தொங்கவிட நம் ஊர் நாட்டாண்மைக்குக்கூடத் துணிச்சல் இல்லை.

ராஜபாளையம் நாயின் படத்தை 2005-ல் தபால்தலையில் போட்டார்கள். அந்த நாய்க்குட்டியை விற்கும்போது, "வீட்டில் இடம் இருக்கிறதா? முடியாமல் போனால் வைத்தியம் பார்ப்பீர்களா? வேண்டாமென்றால் தெருவில் விடாமல் என்னிடமே கொண்டுவந்து கொடுங்கள்" என்று கேட்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாய்க்குட்டிக்குக் கேட்பதைத்தான் கபடி ஆடுகிற பிள்ளைகளுக்காக நான் கேட்கிறேன்.

பருவம் முடிந்த ஒரு மாதத்துக்குள் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒவ்வொருவனுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். முகாமுக்கு அழைத்துவந்த பையனுக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பதினைந்து நாளில் ஒரு கடிதம் போடுங்கள். ஒரு தபால்தலைச் செலவுதான். களத்தில் அடிபட்டவனுக்கு நடக்க முடிகிற வரையில் வைத்தியம் உங்கள் பொறுப்பு. தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற அணி வருஷத்துக்கு ஒரு முறை மாவட்டந்தோறும் வந்து, மண் களத்தில் ஆடுகிற பிள்ளைகளைப் பார்க்கட்டும். ஆட்டக்காரன் தன் சம்பளத்தைத் தானே பேச, பக்கத்தில் ஒரு சங்கம் உட்காரட்டும். சுத்தியலை மாந்தோப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அடுத்த பருவத்திலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கபடி பார்ப்பீர்கள். நானும் பார்ப்பேன். பாய்ந்து, கோட்டைத் தொட்டுவிட்டு எழுகிறவனுக்குக் கை தட்டுங்கள். கூடவே, அவனோடு முகாமுக்குப் போய்ப் பதில் கிடைக்காமல் திரும்பி வந்தவன் உங்கள் தெருவில் இருந்தால், அவன் வீட்டுக்கு ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்த அந்தப் பையன் ஆலையில் மறுபடியும் வேலை கேட்டுப் போனான். பழைய ஆளைப் புது ஆளாகத்தான் எடுப்போம் என்றார்கள். பழைய சம்பளமும் இல்லை. இப்போதும் காலையில் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.