கூட்டத்தில் காவற்காரன் உண்டா?

மந்தையாக மேயும் விலங்குகளைப் பற்றி எழுதுவோர், “ஒன்று காவல் நிற்க, மற்றவை மேய்கின்றன” என்று எழுதிவிடுவது வழக்கம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எல்லா விலங்குகளுக்கும் பொதுவாகச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. நான் விலங்கியல் படித்தவனல்ல, பௌதிக ஆசிரியன். காவற்காரனுக்குப் பதில் இங்கே கொஞ்சம் கணக்கே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீக்கோழியை எடுத்துக்கொள்வோம். (ஆபத்து வந்தால் அது மணலில் தலையைப் புதைக்கும் என்பது வெறும் கதை.) குனிந்து மேயும்போது சிங்கம் வருவது அதற்குத் தெரியாது. ஆகவே அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறது. தனியே மேயும் பறவை மூன்றில் ஒரு பங்கு நேரம் நிமிர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பறவைகள் சேர்ந்தபின், ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு நேரமே நிமிர்கிறது என்போம். ஒன்றையொன்று கவனியாமல் தன் போக்கில் நிமிர்ந்தால், நான்கும் ஒரே சமயத்தில் குனிந்திருக்கும் நிகழ்தகவு 0.8 × 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறக்குறைய 0.41. மீதி 59 சதவீத நேரம் ஏதேனும் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது! தனிப்பறவைக்கு 33 சதவீதந்தான். மேய்ச்சல் நேரமும் ஒவ்வொன்றுக்கும் கூடிவிட்டது. யாரும் யாரையும் காவலுக்கு வைக்கவில்லை.

இவ்வகைக் கணக்கை 1973-ல் போட்டுக் காட்டியவர் அமெரிக்கரான புல்லியம். கென்யாவின் சாவோ பகுதியில் தீக்கோழிகளைக் கவனித்த பெர்ட்ராம் 1980-ல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே: கூட்டம் பெருகினால் ஒரு பறவை நிமிரும் நேரம் குறைகிறது, கூட்டத்தின் மொத்தக் காவல் குறைவதில்லை.

கலஹாரிப் பாலைவனத்து மீர்கட்டுகள் மெய்யாகவே காவல் நிற்கின்றனவே என்பீர்கள். நிற்கின்றன. ஆனால் பெரும்பாலும் வயிறு நிரம்பியதே காவலுக்கு ஏறுகிறது!

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நூறு பேர் நடுவில் நின்றால், பிடிபடுவது நானாக இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். பிறர் கண்ணை நம்பாமல், அந்தத் துணிவிலேயே பறவை குனியலாமே? இதை நான் தள்ளமாட்டேன். இரண்டும் கலந்தே இருக்கும். ஆயினும் கண்களுக்குப் பங்கு உண்டு என்பதை இங்கிலாந்தில் கென்வர்டு 1978-ல் காட்டினார். பழக்கிய வல்லூறு ஒன்றைக் காட்டுப்புறாக்களின்மேல் ஏவினார். தனிப்புறாவிடம் பத்துக்கு எட்டு முறை வென்ற அது, ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்திடம் பத்துக்கு ஒரு முறைகூட வெல்லவில்லை. அது வெகு தொலைவில் வரும்போதே பெருங்கூட்டம் எழுந்து பறந்துவிட்டது.