குற்றாலத்துக் குளியல்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையில் மனிதர்களைக் கையில் பிடிக்க முடியாது. எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாகக் குடும்பம் குடும்பமாய்ப் புறப்பட்டுவிடுகிறார்கள். நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்களே. ஆகையால் அருவியைக் குறைகூற வந்திருப்பதாக நேயர்கள் எண்ண வேண்டாம்.

2024-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததை நினைவூட்டுவதே நம் நோக்கம். சீஸன் பிறவாத கோடைக்காலம். ஜனங்கள் கவலையின்றி நீராடிக்கொண்டிருக்கையில், கண்மூடித் திறப்பதற்குள் காட்டாற்று வெள்ளம் அருவியை மூடிக்கொண்டு இறங்கிற்று. அலறி ஓடி மேலேறியவர்கள் தப்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்துக்கு இரையானான்.

அடிவாரத்தில் மழையில்லாதபோது வெள்ளம் ஏது என்று கேட்பவர் பலர். நாம் காண்பது அருவியின் கடைசிப் படியை மாத்திரமே. மேலே திரிகூட மலையின் செங்குத்தான பாறைச் சரிவுகளில் பெய்யும் மழை, தங்க இடமின்றி ஓடைகளில் பாய்ந்து ஒன்றுசேர்கிறது. பேரருவிக்கு நடுவே பொங்குமாகடல் இருக்கிறதே, அது வேகத்தைத் தாங்கிக்கொள்ளாதா என்பர். நிறைகுடத்தில் ஊற்றிய நீர் குடத்திலா நிற்கும்?

இமயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். புதுப்பனி மிகுதியாய்ப் பெய்து ஓய்ந்ததும் வானம் நிர்மலமாகிவிடும். ஆனால் பனிச்சரிவுக்கு மிகவும் அஞ்ச வேண்டியது அந்த முதல் ஓரிரு நாட்களிலேதான். 2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் காவல் முகாம் பனியில் புதைந்து 10 வீரர்கள் உயிர்நீத்தார்கள். நால்வர் தமிழ்நாட்டார். ஒருவர் ஆறு நாளைக்குப் பின் உயிருடன் எடுக்கப்பட்டும் பிழைக்கவில்லை. அவர்கள் தேசத்தின் கட்டளைக்காக அங்கே நின்றார்கள். கயிறு கட்டிய பிறகும் அருவிக்கடியில் நிற்பவர் யார் கட்டளைக்காக நிற்கிறார்?

“ஐந்தே நிமிஷம், ஐயா! மதுரையிலிருந்து வந்திருக்கிறோம்” என்று போலீஸ்காரரிடம் பேரம் பேசுவதைக் கண்டிருக்கிறோம். அந்நியன் ஆட்சியில் போலீஸை ஏய்ப்பது தேசபக்தியாய் இருந்திருக்கலாம். இன்று கயிறு கட்டுகிறவர் நம் ஊர்ப் பிள்ளை. அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: எச்சரிக்கைச் சங்கு மலைமேல் மழை வலுக்கும்போதே ஒலிக்க வேண்டும், தண்ணீரைக் கண்ட பின் ஒலித்துப் பயனில்லை.

தெளிந்த நீர் செம்மண் நிறமாவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் வெள்ளத்தின் முன்தூதுகள். உடனே பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஓடை போகும் வழியே ஓடலாகாது. சோப்புப் பெட்டிக்காகத் திரும்பவும் கூடாது. கணக்கு வகுப்பில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறோம்: நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் ஆழமே ஆளை வீழ்த்தப் போதும்.

மலையுச்சி கறுத்திருக்கும் நாளில் குளியலை ஒத்திவைத்துச் சித்திர சபைக்குச் செல்லலாம். அதன் சுவர்ச் சித்திரங்களைச் சாவகாசமாய்ப் பார்க்க அரைநாள் பிடிக்கும். அங்கே கூட்டமும் குறைவு.