பழுத்த ஓலையும் குருத்தோலையும்

"பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பனைமரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கத்தோலிக்க வீடுகளில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று ஓலையை ஏந்திப் பவனி வருகிறோம். பிறகு அதைச் சிலுவையாக மடித்துச் சுரூபத்தின் பின்னால் செருகி வைக்கிறோம். மறு ஆண்டு, காய்ந்து போன அந்த ஓலையை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் பூசுகிறார். பச்சையாய் இருந்தபோது மட்டுமல்ல, காய்ந்த பின்னும் ஓலைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று திருச்சபை நமக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

அப்படியானால், அந்தச் சாம்பலைப் பூசிய குருவானவரே முதுமையும் நோயும் அடைந்து படுக்கையில் விழும்போது அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? தோழியரும் பெற்றோரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

குருக்களுக்கும் ஓய்வு உண்டு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பங்குத் தந்தை ஒருவர் 75 வயதை நிறைவு செய்ததும் தம் பொறுப்பிலிருந்து விலக ஆயரிடம் விண்ணப்பம் கொடுக்குமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறார். விலகியவருக்குத் தக்க உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்வது ஆயரின் கடமை என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே வயதான குரு தெருவில் நிற்பதில்லை. மருத்துவ வசதி அருகில் உள்ள ஓர் இல்லத்தில் அவருக்குக் கட்டில், சோறு, மருந்து, கவனிக்கும் கைகள் எல்லாம் உண்டு. குறை அங்கே இல்லை.

குறை தூரத்தில் இருக்கிறது. நம் கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. ஆனால் மறைமாவட்ட அளவில் நாம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். இங்கிருந்து புதுவைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கல்வராயன் மலையில் உள்ளவர்கள் முதலில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஒருவரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். அது போதாதென்று, குருவானவர் ஒரே ஊரில் இருப்பவரும் அல்லர். சில ஆண்டுகள் ஓர் ஊர், பிறகு மாறுதல், மீண்டும் வேறோர் ஊர். ஐம்பது ஆண்டுகளில் பத்து ஊர்களுக்கு உழைத்த குருவை, முதுமையில் எந்த ஊர் "இவர் எங்கள் சாமியார்" என்று உரிமையோடு தேடி வரும்? பத்து ஊர்களும், மற்ற ஒன்பதும் பார்த்துக் கொள்ளும் என்று இருந்துவிட இடம் உண்டு.

நம் நாட்டில் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளுக்கு உண்டென்று 2007-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். குருவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவரை ஒரு வாழ்நாள் முழுவதும் ஊரார் எப்படி அழைத்தார்கள்? "தந்தையே" என்றார்கள், "ஃபாதர்" என்றார்கள். கிழவர் முதல் பால் மறவாத குழந்தை வரை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஒருவரைத் தந்தை என்று அழைத்தால் அழைத்தவர் பிள்ளையாகிறார் அன்றோ? எந்த நீதிமன்றமும் இந்த உறவை விசாரிக்காது. அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்ததா இல்லையா என்பதைக் காட்டுவது நம் பொறுப்பு.

"அவரைத்தான் சிஸ்டர்களும் நர்ஸுகளும் நன்றாகக் கவனிக்கிறார்களே, நாம் போய் என்ன செய்யப் போகிறோம்?" என்று சிலர் கேட்கலாம். மருந்து கொடுப்பது வேறு, தேடி வருவது வேறு. நம் வீட்டுப் பாட்டியை மருமகள் நன்றாகவே கவனித்தாலும், வெளியூர்ப் பேத்தி வருகிறாள் என்றால் பாட்டி வாசலைப் பார்த்துக் கொண்டுதானே இருக்கிறாள்?

"அவருக்கு ஆள் அடையாளமே தெரிவதில்லையாம்" என்பது இரண்டாவது தடை. மறதி நோய் முற்றியவர்களுக்கும், இளமையில் மனப்பாடமான செபமும் பாட்டும் பல நேரங்களில் கடைசி வரை தங்கி நிற்பதுண்டு. நம் பெயர் தெரியாதவர், நாம் தொடங்கும் "அருள் நிறைந்த மரியே"யை முடித்து வைக்கக்கூடும். முடிக்காவிட்டாலும் கையைப் பிடித்துக் கொண்டு அருகில் இருந்தால் போதும்.

பெற்றோர் கூறும் தடை ஒன்றுண்டு. நோயாளியிடம் குழந்தைகளை அனுப்பலாமா என்பது அது. இது நியாயமான அச்சமே. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்திற்குப் பின் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதியவரால் நமக்கு வரும் ஆபத்தைவிட, சளியோடும் காய்ச்சலோடும் போகும் நம்மால் அவருக்கு வரும் ஆபத்தே பெரிது. ஆகவே உடல் நலமில்லாத மாணவி அன்று போக வேண்டாம். மற்றவர்கள் கையைக் கழுவிக் கொண்டு, இல்லப் பொறுப்பாளர் சொன்ன நேரத்தில் போகட்டும்.

எப்படிப் போக வேண்டும் என்பதும் முக்கியம். அறுபது பேர் பஸ்ஸில் போய், பேனர் பிடித்து, பாட்டுப் பாடி, ஆளுக்கொரு பழம் கொடுத்து, கட்டிலைச் சுற்றி நின்று படம் எடுத்துக் கொண்டு திரும்புவது சில இடங்களில் வழக்கமாகி வருகிறது. பழத்தை அவர் உண்ணலாமா என்று சர்க்கரை நோயைப் பற்றிக் கேட்பவர் இல்லை. படுக்கையில் இருக்கும் தம் உருவத்தை ஊர் பார்க்க வேண்டுமா என்று அவரைக் கேட்பவரும் இல்லை. நான்கைந்து பேர் போனால் போதும். உட்கார்ந்து பேச வேண்டும். காது மந்தமானவர்க்கு முகத்திற்கு நேரே, மெதுவாகச் சொல்ல வேண்டும். "எப்படி இருந்த சாமி, இப்படி ஆகிவிட்டீர்களே!" என்ற புலம்பல் வேண்டவே வேண்டாம். "தோத்திரம் சாமி, நான் இன்னார் பேத்தி, இந்த ஊர்" என்று சொன்னால் அவர் அந்த ஊரைப் பற்றித் தாமே பேசத் தொடங்குவார்.

சின்னத் தேவைகளைக் கவனிக்கும் கண்ணும் வேண்டும். திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியை நாடு அறியும். 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க இயலாத நிலையில், சிறையில் அவர் கேட்டது உறிஞ்சு குழலும் அதற்கேற்ற கோப்பையுமே. 2021 ஜூலை 5-ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் அவர் இறந்தார். அவருடைய வழக்கைப் பற்றிப் பலர் பலவாறு பேசுவர். ஆனால் ஒரு முதியவரின் நடுங்கும் கைக்கு ஒரு குழல் எவ்வளவு பெரியது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. நாம் போகும் அறையிலும் தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா, செபப்புத்தகத்தின் எழுத்து அவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம்.

இனி, அவர் நமக்குத் தருவது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. அன்று இருபது வயதாயிருந்தவர் இன்று எழுபதைத் தொடுகிறார். இன்று 75 வயதில் ஓய்வு பெறும் குரு, ஏறத்தாழ அந்நாளில்தான் குருப்பட்டம் பெற்றிருப்பார். சாலை வராத காலத்தில் மலையேறியவர் எவராயினும் நடந்தே ஏறினார். எந்த ஓடையில் வெள்ளம் வந்தால் வழி அடைபடும், எந்த வீட்டில் சாமைக் கஞ்சி கிடைக்கும், முதன்முதலில் பள்ளிக்கு வந்த மலைப்பெண் யார் என்பதெல்லாம் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்கள் நெஞ்சில் இருக்கலாம். கேட்பார் இல்லாவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும்.

பிரான்சில் பிறந்த அருள்தந்தை பியர் செராக் 1937-இல், 23 வயது இளைஞராகத் தமிழ்நாட்டிற்கு வந்தார். தமிழ் கற்றார், கல்லூரி மாணவரை வழிநடத்தினார், ஏழை உழவருக்குக் கிணறுகள் வெட்ட உதவினார், கம்போடிய அகதி முகாம்களில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு மீண்டும் தமிழ்நாட்டிற்கே திரும்பினார். 2012 மே 30-ஆம் நாள் 98 வயதில் சென்னையில் இறந்தார். இத்தகைய முதியவர் அருகில் அரை மணி நேரம் அமர்வது ஒரு நூலகத்தில் அமர்வதற்கு நிகர் என்பதில் ஐயமில்லை.

நம் பள்ளிகளில் இந்து, இஸ்லாமியத் தோழியரும் படிக்கின்றனர். இது அவர்களுக்கும் உரியதே. குருவானவர் இருக்கும் இடத்தில், ஓய்வு பெற்ற தமிழாசிரியரை, உபதேசியாரை, விடுதியில் சோறாக்கிய ஆயாவை வைத்துப் பார்த்தாலும் கடமை மாறாது.

பிப்ரவரி 11-ஆம் நாளை உலக நோயாளர் தினமாக இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் நிறுவினார். ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோர்க்கும் உரிய நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கி வைத்தார். இவ்விரு நாள்களும் நமக்கு நல்ல தொடக்கங்கள். ஆனால் தொடக்கத்தோடு நின்றால் பயனில்லை. முதன்முறை போகும்போது நாம் விருந்தாளிகள். அவரும் உபசாரத்திற்குச் சிரிப்பார். அதே நான்கைந்து பேர் இரண்டாம் முறை போய், சென்ற முறை அவர் சொன்னதை நினைவில் வைத்துக் கேட்கும்போதுதான் அவர் நம்மைப் பிள்ளைகளாக எண்ணுவார்.

எனவே நாம் வேண்டுவது இது: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சிறு குழு, ஒரு முதிய குருவைத் தம் பொறுப்பாக ஏற்கட்டும். பருவத்திற்கு ஒருமுறை நேரில் செல்லட்டும். இடையில் மாதம் ஒரு கடிதம், பெரிய எழுத்தில் எழுதட்டும். அவர் சொல்லும் பழைய செய்திகளை ஒரு நோட்டில் குறித்து, அவர் ஒப்புதலோடு இம்மலரில் வெளியிடட்டும். அருட்சகோதரிகள் இல்லத்தாரிடம் அனுமதி பெற்றுத் தரட்டும். பெற்றோர் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்பட்டும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். மறவாத மனம் வேண்டும். அடுத்த மலர் வெளிவருமுன், நம்மில் ஒரு குழுவாவது இரண்டாம் முறை போய் வந்திருக்க வேண்டும்.