கேமராவுக்கும் ஒரு சான்றிதழ்

குமரி மாவட்டத்துக் குளச்சல்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்புவது பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகத்தான். விலையுயர்ந்த கேமராவோடு போகிற தம்பிகளே, விமானம் ஏறும் முன் அங்குள்ள சுங்க அதிகாரியிடம் கேமராவையும் லென்ஸ்களையும் காட்டி, வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அது இல்லையென்றால், திரும்பி வரும்போது கேமரா இங்கிருந்து கொண்டுபோன பொருள்தான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் வரி கட்ட நேரலாம். பழைய கேமராவைக் கைமாற்றி வாங்கியவரிடம் பில்லும் இருக்காது. கடன்பட்டு வாங்கிய கருவிக்கு மறுபடி வரி கட்டுவது பெருங்கொடுமை. குமரி மாவட்டத்து மக்கள் இவ்வளவு பேர் கடந்துபோகும் அந்த நிலையத்தில், சுங்கத்துறை இந்த விதிகளைத் தமிழிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.