ஜெர்மனியைப் பார், ஜப்பானைப் பார்!

உலகப்போர்ப் பேச்சு எங்கே வந்தாலும் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விட்டுடுவார்: "ஜெர்மனி மன்னிப்புக் கேட்டுச்சு, ஜப்பான் கேக்கலை. அதான் ஐரோப்பா ஒண்ணாச்சு, ஆசியா இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்கு." கேக்க நல்லாத்தான் இருக்கு. பாதி தப்பு. மீதி சோம்பேறித்தனம்.

ஜப்பான் கேக்கலைன்னு யாருங்க சொன்னது? ராணுவத்துக்காகப் பெண்களை விடுதிகளில் அடைத்து வைத்த கொடுமைக்கு 1993-ல் கோனோ அறிக்கை வந்தது. காலனி ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் சேர்த்து 1995 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் முராயாமா மன்னிப்புக் கேட்டார். பத்து வருடம் கழித்து, 2005-ல் அதே தேதியில், கொய்சுமி அதையே திரும்பவும் சொன்னார். அடுத்த அக்டோபரில் இதே கொய்சுமி யாசுகுனி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார். 1978-ல் 14 முதல்தரப் போர்க்குற்றவாளிகளைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்ட கோயில் அது. சக்கரவர்த்தியே 1975-க்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரதமர் போகிறார்! ஆகஸ்டில் போட்ட மன்னிப்பை அக்டோபரில் ரோல்பேக் பண்ணினா சீனாக்காரனும் கொரியாக்காரனும் எந்த வெர்ஷனை நம்புவான்?

சரி, நம்ம உத்தமர் ஜெர்மனிக்கு வருவோம். 1970 டிசம்பரில் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர் நினைவிடத்தின் முன் மண்டியிட்டார். அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். ஆனா அப்போ மேற்கு ஜெர்மனியில் எடுத்த கருத்துக்கணிப்பு ஞாபகம் இருக்கா? 48 சதவீதம் பேர் 'இது ரொம்ப ஓவர்' என்றார்கள். சரி என்றவர்கள் 41 சதவீதம். ஒரு தேசமே உருகி அழுததா நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

நாஜி காலத்தில் அடிமை வேலை பார்த்தவர்களுக்கான அறக்கட்டளை எப்போ வந்தது தெரியுமா? 2000-ல். போர் முடிந்து 55 வருடம் கழித்து. அதுவும் மனசாட்சி உறுத்தியதால் மட்டும் இல்லை, அமெரிக்க நீதிமன்றங்களில் ஜெர்மன் கம்பெனிகள் மேல் வழக்குகள் குவிந்ததால். அரசும் தொழில்துறையும் பாதிப் பாதியாக 1000 கோடி மார்க் போட்டார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போனது. நல்ல காரியம்தான். ஆனா அதற்குள் செத்துப் போனவர்கள் எத்தனை பேர்? 1944-ல் 200-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த கிரேக்கத்தின் டிஸ்டோமோ கிராமத்து வாரிசுகள் கோர்ட் கோர்ட்டாக ஏறியும் ஜெர்மனி காசு எடுக்கவில்லை. நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்றதை இனப்படுகொலை என்று 2021-ல் ஒத்துக்கொண்டார்கள். 110 கோடி யூரோவையும் அறிவித்தார்கள். பேரு மட்டும் 'இழப்பீடு' கிடையாதாம், 'வளர்ச்சி உதவி'யாம்.

அப்போ வித்தியாசம் எங்கே? மனசில் இல்லை, மேப்பில் இருக்கு. மேற்கு ஜெர்மனிக்கு நாலு பக்கமும் அது மிதித்த நாடுகள். பிரான்ஸோடு சேராமல் நிலக்கரி, எஃகு வியாபாரத்தில் நிமிர முடியாது. 1951-ல் சேர்ந்தார்கள், 1963-ல் எலிசே ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளிக்கூடப் பசங்களை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். போலந்தோடு 1972 முதல் பாடப்புத்தகத்தை வரிவரியாக உட்கார்ந்து பேசினார்கள். ஜப்பானுக்கு இந்தத் தேவையே வராமல் அமெரிக்கா பார்த்துக்கிட்டது. 1951 சான்பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டுக்குச் சீனாவையும் கூப்பிடலை, கொரியாவையும் கூப்பிடலை. அடிவாங்கினவன் இல்லாமலே பஞ்சாயத்து! 1965-ல் தென்கொரியாவுக்கு 30 கோடி டாலர் இனாம், 20 கோடி கடன். வாங்கினது பார்க் சுங் ஹீயின் சர்வாதிகார அரசு. பெரும்பகுதி தொழில் வளர்ச்சிக்குப் போச்சு. பாதிக்கப்பட்டவர் கைக்கு வந்தது சொற்பம். 2018-ல் கொரிய உச்சநீதிமன்றம் ஜப்பான் கம்பெனிகளைப் பார்த்து 'தனி மனுஷனோட கணக்கு இன்னும் பாக்கி' என்று தீர்ப்புச் சொன்னதும் டோக்கியோவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது.

நம்மாளுங்க இங்கே இன்னொரு கூத்து அடிப்பாங்க. டோக்கியோ விசாரணையில் நீதிபதி ராதாபினோத் பால் எல்லோரும் நிரபராதி என்று எழுதினாரே, ஜப்பான் யோக்கியன் என்று. அய்யா, கொடுமைகள் நடந்ததை அவரும் மறுக்கவில்லை. அந்தத் தலைவர்களை அந்தச் சட்டத்தில் தண்டிக்க முடியாது என்றுதான் சொன்னார். அவருக்கு யாசுகுனியில் நினைவுக்கல் வைத்தவர்கள் அந்தப் பாதியைக் கண்டுக்கவே மாட்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலருக்கு மறந்தே போச்சு. சயாம்-பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர், 1942-43. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் சுமார் 7000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு, பளபளவென்று இருக்கின்றன. நம்மாளுங்க பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் சார்பில் கேட்க லண்டனும் இல்லை, சியோலும் இல்லை. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு இழப்பீடு மாதிரி ரெண்டு கப்பல் கொடுத்து பைசல் பண்ணியது. புருஷன் திரும்பி வருவான் என்று தோட்டத்து லயத்தில் காத்துக் கிடந்தவளுக்குக் கப்பலை வைத்து என்ன செய்ய?